ஒன்றரைச் சாண்

தவறு என்னுடையதுதான்.
படத்தில் அடங்கவேண்டும், நெருங்கி உட்காருங்கள் என்றவன் கர்மோ.
மைக்கைக் குத்தியது நான்.
ஹெல்துரின் கம்பளிச் சட்டையில் ஒன்று,
ஊர்வேயின் காலரில் ஒன்று,
அதுவும் அண்ணன் பக்கத்துக் காலரில்.
அவள் மெல்லப் பேசுகிறவள் என்று
அவள் தடத்தை இரண்டு சுற்று கூடத் திறந்துவைத்தேன்.

ஹீயுமா தீவு. பிப்ரவரி. சமையலறை.
உறுமிய பிரிட்ஜை அணைத்து,
திரும்பப் போட மறக்காதிருக்க
கார் சாவியை அதற்குள்ளேயே வைத்தேன்.
அன்று உருப்படியாகச் செய்தது அது ஒன்று.

ஹெட்போனில் குறையே இல்லை.
அண்ணன் இடக்காதில், தங்கை வலக்காதில்,
நடுவில் என் தலை.

ஒரு வாரம் கழித்து அவர் மகள் மெரிகே
படகுத்துறையில் நின்று போனில் போட்டுக் கேட்டாளாம்.
ஒற்றை ஸ்பீக்கர்.
"அப்பா ஏன்
அடுப்புக் குழாய்க்குள்ளிருந்து பேசுகிறார்?"

ஒரே குரல்தான்.
தன் மைக்குக்கு ஒரு சாண் நடக்கிறது,
தங்கையின் மைக்குக்கு இரண்டரைச் சாண்.
இடையில் ஒன்றரைச் சாண்,
நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு.
இங்கே அலை மேடேறும்போது
அங்கே அதே அலை பள்ளத்தில் கிடக்கிறது.
இரண்டையும் ஒரே வாயில் ஊற்றினால்
மேடு பள்ளத்தில் விழுந்து சமமாகிவிடுகிறது.
சொல் மிஞ்சுகிறது,
சொல்லுக்குள் இருந்த ஆள் மிஞ்சுவதில்லை.

மூன்று மடங்கு தள்ளி வை என்பது விதி.
இங்கே ஒரு சாண் என்றால் அங்கே மூன்று.
அரைச் சாணில் தோற்றிருக்கிறேன்.

முதலில் அவள் தடத்தைத் தலைகீழாகத் திருப்பினேன்.
ஓட்டை அடைபட்டது, வயிறு காணாமல்போனது.
எண்சாண் மனிதர்
தீப்பெட்டிக்குள்ளிருந்து பேசினார்.

பிறகு இழுத்தேன்,
அவள் தடத்தை இடப்பக்கமாக, ஒவ்வொரு சாம்பிளாக.
முப்பது. நாற்பது. நாற்பத்து மூன்று.
நாற்பத்தாறில்
ஹெல்துர் அறைக்குள் வந்து உட்கார்ந்தார்.
நான் எழுந்து நின்றேன், சும்மா.

ஆனால் அவருக்கு நேரானது அவளுக்குக் கோணல்.
ஊர்வே வாயைத் திறந்ததும்
அவள் குழாய்க்குள் போய்விட்டாள்.

சுலபமான வழி எல்லோருக்கும் தெரியும்.
அவர் பேசும்போது அவளை மூடு,
அவள் பேசும்போது அவரை மூடு.
மூடித் திறந்து, மூடித் திறந்து
பதினேழாம் நிமிடம் வரை வந்தேன்.

அங்கே அவர் உறைபனிப் பாதையைச் சொல்கிறார்.
கடல் கெட்டிப்பட்டுக் கிடந்த மார்ச்,
அக்கரைக்குப் புறப்பட்ட லாரி,
ஓட்டியவன் கல்யோ.
"அன்று காலை யாரும் பனியை அளக்கவில்லை."

அவள் தடத்தை மூட விரல் போனது.
அலைக்கோட்டில் சிறு புடைப்பு.
அவர் வாக்கியத்துக்கு அடியில்,
மூச்சின் கனத்தில்:
"அளந்தேன்."

அன்று அந்த அறையில் அது எனக்குக் கேட்கவில்லை.
அண்ணனுக்குக் கேட்டதோ என்னவோ.
படத்தில் அவர் கை காபிக் கோப்பையைச் சற்று நகர்த்துகிறது.
கோப்பைகளை மனிதர்கள் நகர்த்துவார்கள்தான்.

மூடினால் அவர் சுத்தமாக இருப்பார், அவள் இருக்கமாட்டாள்.
அப்படியே திறந்துவிட்டால்
அவரே பாதி கரைந்துபோவார்.
நாற்பத்தாறு இழுத்துத் திறந்தால் இருவரும் உண்டு,
ஆனால் அவள் சொல்
அவள் சொன்ன இடத்துக்கு
ஒன்றரைச் சாண் முன்னால் நிற்கும்.
எந்தக் காதும் கண்டுபிடிக்காத பொய்.

ராத்திரி ஊர்வேயைப் போனில் கூப்பிட்டேன்.
அந்த ஒரு சொல், வைக்கவா, எடுத்துவிடவா?
அவள் பக்கத்தில் பிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது.
வெகுநேரம் அதுதான் பேசியது.

"எத்தனை சென்டிமீட்டர் இருந்தது என்று
நீயும் கேட்கவில்லை" என்றாள்.

நான் மேசையில் பென்சிலைத் தேடினேன்.